நோட்டில் இருக்கிறது

கருவேப்பிலங்குறிச்சி கூட்டுரோடு. ஒரு சாலை விருத்தாசலம் போகிறது. ஒன்று ஜெயங்கொண்டம். ஒன்று சேத்தியாத்தோப்பு. ஒன்று பெண்ணாடம். நான்கு சாலைத் தூசியும் டீக்கடை பாய்லர் மேல் வந்து உட்காருகிறது.

காலை ஏழே முக்கால். கரும்பு ஏற்றிய டிராக்டர் மெதுவாகத் திரும்புகிறது. சீருடை போட்ட இரண்டு பையன்கள் பின்னால் ஓடி ஆளுக்கொரு கழி உருவுகிறார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். பார்க்காத மாதிரிப் போகிறார்.

கடையை ஒட்டிய நிழலில் ஓர் அம்மா, ஒரு மகள். மற்றவர்கள் தார் ஓரத்தில் நிற்கிறார்கள். இவர்கள் நான்கடி உள்ளே. அம்மாவின் கை மகளின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொடவில்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்கிறாள். தோளில் நீலப் பை. முன்பக்க ஜிப்பில் மாத்திரை டப்பா. ஏழு அறைகள். ஞா, தி, செ, பு, வி, வெ, ச. எழுத்துகள் அவளுடையவை.

எட்டு மணிக்கு செல்போன் அடிக்கிறது. திரையில் ‘தண்ணி குடி’ என்று வருகிறது. மாத்திரை என்று வராது. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் படிக்கத் தெரியும்.

அவள் தண்ணீர் குடிக்கிறாள். ‘வி’ காலியாகிறது. அம்மா பஸ் வரும் திசையில் எட்டிப் பார்க்கிறாள். கண் மட்டும் டப்பாவில் இருக்கிறது.

டவுன் பஸ் வருகிறது. கண்டக்டர் படியில் நிற்கும் இரண்டு பேரை நகர்த்துகிறார். “உள்ள வா பாப்பா.” படிக்கட்டுப் பக்கம் அவளை நிற்க விடுவதில்லை. டிரைவருக்குப் பின் வரிசையில், ஜன்னலை ஒட்டி ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். காரணம் கேட்கவில்லை. கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அவள் அதை நோட்டுக்குள் வைக்கிறாள். பஸ் ஏறியாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி.

அம்மா பஸ் மறையும்வரை நிற்கிறாள். பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

டீக்கடைத் தூணில் ஓர் ஆணி. ஆணியில் சாவிக்கொத்து. முன்பு அது கல்லாப்பெட்டிக்குள் கிடந்தது.

போன ஆடியில் இதே இடத்தில் அவள் விழுந்தாள். கூட்டம் கூடியது. ஒருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே நீட்டினார். ஒருவர் வெங்காயம் நசுக்கினார். ஒருவர் கைகால்களை அமுக்கிப் பிடித்தார். டீக்கடைக்காரர் கொத்துச் சாவியை உள்ளங்கையில் திணித்தார். ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிய நர்ஸம்மா ஒருவர் எல்லோரையும் விலக்கினார். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்கடியில் தன் கைப்பையை வைத்தார். வாயில் ஸ்பூன் வைக்க வந்தவரைத் தடுத்தார். பிறகு வாட்சைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா, சும்மா உக்காந்திருக்க?”

“அஞ்சு நிமிசம் தாண்டுனா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். அதுவரைக்கும் சும்மாதான் உக்காரணும்.”

இரண்டு நிமிடத்தில் நின்றது. நர்ஸம்மா அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். சாவி அவள் கையில் இருந்தது. ஊர்க் கணக்கில் வலிப்பை நிறுத்தியது சாவி. அன்றிலிருந்து கொத்து வெளியே தொங்குகிறது, அவள் நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில். காலையில் பாய்லரைத் துடைத்த கையோடு டீக்கடைக்காரர் அதையும் துடைக்கிறார்.

அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. ஊருக்கு இருக்கிறது.

நோட்டு 192 பக்கம். ரப்பர் பேண்டு போட்டது. முதல் பக்கத்தில் அம்மாவின் செல் நம்பர், ரத்த வகை, மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம். அடுத்த பக்கத்திலிருந்து வாழ்க்கை.

‘லேப் கோட் வாங்கியாச்சு. திரும்ப வாங்காதே.’

‘கேன்டீன் அக்காவுக்கு 20 ரூபாய் கொடுத்தாச்சு. இல்லைன்னாங்க. மறுபடி கொடுத்தாச்சு.’

‘அசைன்மென்ட் திங்கள். போர்டை போட்டோ எடுத்தாச்சு. செல்லில் பார்.’

‘பெரியம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்காதே. மாசியில் இறந்துட்டாங்க.’

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

சில பக்கங்களின் ஓரத்தில் ஒரு நெட்டுக்கோடு மட்டும் இருக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறுவது தெரிந்தவுடன் போடுவது. வரப்போகிறது என்று அதற்குப் பொருள். சில கோடுகள் நேராக நிற்கின்றன. சில பக்கத்தைத் தாண்டிப் போகின்றன.

தாண்டிய கோடுகளுக்குப் பக்கத்தில் வேறு கையெழுத்து. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழியுடையது. ‘11.10 முதல் 11.12. உதட்டைச் சப்புக்கொட்டின. துப்பட்டா நுனியத் திருகின. கூப்பிட்டேன், திரும்பல. அப்புறம் தண்ணி கேட்ட.’ அதன் கீழே அவள் எழுத்து: ‘சார் என்ன நடத்தினார்?’ அதன் கீழே தோழி: ‘கிளேஸ். என் நோட்டைப் பாத்துக்க.’

எல்லா வலிப்பும் கீழே தள்ளுவதில்லை. இந்த வகை, ஆளை உட்கார வைத்துக்கொண்டே எடுத்துப் போகிறது. பின் வரிசைக்கு அது பகல் கனவு.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பொம்மை, அகல், மின்சாரக் கம்பத்துப் பீங்கான், ஃபியூஸ் கட்டை. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. மண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து அரைக்க வேண்டும். கூழாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். மண் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமாய் ஒரு பிள்ளையார்.

செய்முறை மேசையில் இரண்டு பிள்ளையார்கள். ஒன்று புது அச்சில் வந்தவர். துதிக்கை மடிப்பு தெரிகிறது. மற்றவர் பழைய அச்சு. ஊற்றி ஊற்றி அச்சு தேய்ந்துவிட்டது. அவருக்கு விரல்கள் இல்லை, மோதகமும் கையும் ஒன்றாகிவிட்டன. சார் இரண்டையும் தூக்கிக் காட்டுகிறார். அவள் பழையவரை வாங்கி விரலால் தடவிப் பார்க்கிறாள். நோட்டில் எழுதுகிறாள்.

“மண்ணு மறக்காது” என்கிறார் சார். “தட்டு விளிம்ப ஒருதடவ வளைச்சுட்டு நிமித்தி வச்சுப் பாருங்க. பச்சையில ஒண்ணும் தெரியாது. காயும்போதும் தெரியாது. சூளைக்குப் போனதும் அதே பக்கம் வளையும்.”

வகுப்பு தலையாட்டுகிறது. அவள் அதையும் எழுதுகிறாள்.

சூளை அறை. மாணவர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். அவளுக்குக் கையுறை இல்லை. வலிப்பு உள்ளவர்கள் நெருப்பருகே, சுழலும் இயந்திரத்தருகே, உயரத்தில், கிணற்றடியில் தனியாக நிற்கக்கூடாது என்று மருத்துவச் சீட்டில் இருக்கிறது. ஆனால் மண்ணும் நெருப்பும்தான் பாடம். சார் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அறை வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. பையன்கள் மீட்டரைப் பார்த்துக் கத்த வேண்டும். அவள் எழுத வேண்டும்.

“எழுநூத்தி இருவது!”

10.40 – 720.

“எழுநூத்தி எழுவது!”

11.10 – 770.

வகுப்பிலேயே நல்ல கையெழுத்து அவளுடையது. முப்பத்து நான்கு பேரின் சூளைக் கணக்கும் அவளிடம் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டுகிறார். அவள் வாய் திறக்கிறாள். பெயர் வரவில்லை. கல்லை வாங்குகிறாள். திருப்புகிறாள். “இது உருகி மத்ததை ஒட்டவைக்கும் சார். சூடு ஏறும்போது கண்ணாடி மாதிரி ஆகும். மண்ணுல இது கூடினா சீக்கிரம் இளகிடும்.” எல்லாம் வருகிறது, பெயரைத் தவிர. தேர்வாளர் காத்திருக்கிறார். பேனா மூடியைத் திறந்து மூடுகிறார். மதிப்பெண் பெயருக்கு.

கோரிமேடு. புதுச்சேரி ஜிப்மர். விடிவதற்கு முன் கிளம்பிய பஸ் ஒன்று அம்மாவையும் மகளையும் இறக்கிவிடுகிறது. வரிசை. சீட்டு. இன்னொரு வரிசை. சிமென்ட் பெஞ்சு. கூடையில் எலுமிச்சைச் சாதம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு தாத்தா, மடியில் பேரன். பையன் தலையில் தழும்பு. யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்கிறார்கள்.

தாழ்வாரச் சுவரில் ஒரு சுவரொட்டி. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். முறையான மருந்தில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். கீழே சாவிக்கொத்துப் படம். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

அம்மா படத்தின் முன் நிற்கிறாள். கை இடுப்புக்குப் போகிறது. வீட்டுச் சாவியோடு தனியாக ஓர் இரும்பு வளையம். வெளியே எடுக்கிறாள். சுவரொட்டியைப் பார்க்கிறாள். வளையத்தைப் பார்க்கிறாள். திரும்பச் செருகிக்கொள்கிறாள்.

“மாசத்துக்கு எத்தன தடவ வருது?” டாக்டர் அம்மாவைத்தான் கேட்கிறார். வந்தவருக்குத் தெரியாது, பார்த்தவருக்குத்தான் தெரியும். அம்மா விரலை மடக்குகிறாள். மகள் நோட்டைத் திறந்து மேசையில் வைக்கிறாள். டாக்டர் படிக்கிறார். ஒரு பக்கம் புரட்டுகிறார். இன்னொன்று. பின்னால் நிற்கும் பயிற்சி டாக்டரிடம் நெட்டுக்கோட்டைக் காட்டுகிறார்.

“ராத்திரி தூங்குறியாம்மா?”

“பரீட்சை வருது சார்.”

“பரீட்சை வரும், போகும். தூக்கம் கெட்டா இது வரும். மாத்திரை ஒருவேளை விட்டாலும் வரும்.”

“படிச்சது நிக்க மாட்டேங்குது சார்.”

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகுகிறார். மூளையின் பொட்டு மடலுக்கு உள்ளே, பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்ன வளைவுகள். ஹிப்போகாம்பஸ். கடல்குதிரையின் கிரேக்கப் பெயர். புதிதாய்ப் படிப்பது, கேட்பது, பார்ப்பது எல்லாம் நினைவாகப் பதிய அது வேண்டும். ஒரு பக்கத்து வளைவு சுருங்கியிருக்கிறது. வலிப்பு கிளம்புவதும் அங்கிருந்துதான். டாக்டர் படத்தின் வலப்பக்கத்தைத் தொட்டு “இடது” என்கிறார். அம்மா மகளின் இடது காதைப் பார்க்கிறாள். பிறகு வலது காதை.

1953 ஆகஸ்ட். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட். ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு 27 வயது. வலிப்பு அடங்கவில்லை. அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் இரண்டு பக்கத்திலும் அந்த வளைவின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார். வலிப்பு வெகுவாகக் குறைகிறது. புது நினைவு நின்றுபோகிறது. மாண்ட்ரியாலிலிருந்து அவரைச் சோதிக்க வரும் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் தன்னை முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2008-ல் இறக்கும்வரை பாடநூல்களில் மொலைசனுக்குப் பெயர் கிடையாது. எச்.எம். மட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எடுப்பதில்லை. ஒரு பக்கம்தான். அதுவும் மற்றப் பக்கம் பாரத்தைத் தாங்குமா என்று நினைவுச் சோதனை வைத்துப் பார்த்த பின். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் செய்கிறார்கள்.

“ரெண்டு மருந்து சரியா சாப்பிட்டும் கேக்கலன்னா, ஆபரேஷன் யோசிக்கலாம்.”

“தலையிலயா?” என்கிறாள் அம்மா.

மகள் எழுதிக்கொள்கிறாள். ‘திருவனந்தபுரம்.’ எழுத்துப் பிழையில்லை.

திரும்பும் வழியில் மணவாளநல்லூர். கொளஞ்சியப்பர் கோயில். இங்கே முருகனுக்கு உருவம் கிடையாது, பலிபீட வடிவம். குறை உள்ளவர்கள் வெள்ளைத் தாளில் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். கடன், திருட்டு, பங்காளிச் சண்டை, ஓடிப்போன புருஷன், போகாத காய்ச்சல். கோயில் அலுவலகத்தில் கட்டணம். மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்றும் கேட்கிறார்கள். தூரத்துக்கு ஏற்ப அதற்கும் காசு.

அம்மா சொல்கிறாள். மகள் எழுதுகிறாள். ‘என் மகளுக்கு’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதுகிறாள்.

“வியாதி பேர எழுதாத. சாமிக்குத் தெரியும்.”

“பிராதுன்னா விவரம் வேணும்மா.”

எழுதுகிறாள். எந்தப் பக்கம், எத்தனை வருடம், காலையில் எந்த மாத்திரை, இரவில் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம். அம்மா கீழே கையெழுத்துப் போடுகிறாள். தாளைச் சுருட்டி முனியப்பர் சந்நிதியில் கட்டுகிறார்கள். பக்கத்தில் நூற்றுக்கணக்கான சுருள்கள்.

“கொறை தீந்ததும் வந்து ராஜினாமா பண்ணிடணும்” என்கிறார் அலுவலகத்துக்காரர். “மறந்துடாதீங்க.”

அம்மா மகளைப் பார்க்கிறாள். மகள் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வருகிறார். அக்காளுக்கு முடித்துக் கொடுத்தவர். மாத்திரை அட்டைகள் அரிசிப் பானைக்குள் போகின்றன. தரகர் டீயை ஆற்றிக் குடிக்கிறார். “பொண்ணுக்கு வேற ஒண்ணும் இல்லியே?” “அப்பப்ப தலைவலி” என்கிறாள் அம்மா. இந்துத் திருமணச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் பைத்தியத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த வலிப்பு 1999-ல் நீக்கப்பட்டது. தரகரின் நோட்டு அதற்கு முந்தியது. அவர் டீக்கடை வழியாகத்தான் வந்தார். ஆணியையும் பார்த்திருக்கிறார். ஜாதகத்தை வாங்காமலே எழுந்திருக்கிறார்.

எட்டு மணிக்குப் பானைக்குள் கை விட்டு மகள் மாத்திரை தேடுகிறாள். அட்டையில் அரிசி ஒட்டியிருக்கிறது.

கல்லூரியில் எல்லோரும் ஸ்கூட்டி லைசென்ஸுக்கு எழுதிப் போடுகிறார்கள். மருத்துவ உறுதிமொழிப் படிவத்தின் முதல் கேள்வியே வலிப்பு உண்டா என்பதுதான். அவள் படிவத்தை மடிக்கிறாள். இன்னொரு படிவம் உதவித்தொகைக்கானது. மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016, பட்டியலில் 21 வகை. விரல் முதல் வரியிலிருந்து கீழே இறங்குகிறது. 21-க்கு வந்து நிற்கிறது. மறுபடி மேலே போகிறது. வலிப்பு பெயர் சொல்லி எங்கும் இல்லை. இரண்டு படிவங்களும் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகின்றன.

பரீட்சைக்கு முந்தின இரவு. விடுதியில் தோழிகள் இரண்டு மணிவரை விழித்திருக்கிறார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் பத்து மணிக்கு அம்மா விளக்கை அணைக்கிறாள். ஐந்துக்குப் போடுகிறாள். அவள் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஒவ்வொரு விடையையும் படமாக வரைகிறாள். சூளையின் உள்பக்கம், அம்புக்குறி, சூடு போகும் வழி. படம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

பரீட்சை அறை. பத்தரை. மின்விசிறி விடைத்தாள் ஓரங்களைத் தூக்குகிறது. அவள் எழுதுகிறாள். பேனா நிற்கிறது. தாள் ஓரத்தில் ஒரு நெட்டுக்கோடு இறங்குகிறது. உதடு அசைகிறது. இடது கை துப்பட்டாவைத் திருகுகிறது.

கண்காணிப்பாளர் துப்பட்டாவைப் பார்க்கிறார். பிட்டு என்று நினைத்து வருகிறார். இரண்டு வரிசை தள்ளி ஒரு கை உயர்கிறது. “சார், அவள விட்டுருங்க சார். ஒரு நிமிசம்.” அறை திரும்பிப் பார்க்கிறது. கண்காணிப்பாளர் நின்ற இடத்தில் நிற்கிறார்.

நிமிடம் முடிகிறது. அவள் கேள்வித்தாளை எடுக்கிறாள். முதல் கேள்வியிலிருந்து படிக்கிறாள். விடைத்தாளைப் பார்க்கிறாள். அதில் ஏற்கெனவே ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. கையெழுத்து தன்னுடையதுதான். வரி வரியாகப் படிக்கிறாள். ஓரிடத்தில் தலையாட்டுகிறாள். ஓரிடத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்துகிறாள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதைத் தொடர்ந்து எழுதுகிறாள்.

செய்முறைக் குவளைகள். நாற்பது. ஒன்பதில் மயிரிழை வெடிப்பு. சார் ஒவ்வொன்றாக விரலால் சுண்டுகிறார். நல்லது கணீரென்கிறது. கெட்டது டொக்கென்கிறது.

போர்டில் 573 என்று எழுதுகிறார். “இந்த டிகிரியில குவார்ட்ஸ் உள்ளுக்குள்ள மாறும். ஏறும்போதும் மாறும், எறங்கும்போதும் மாறும். எறங்கும்போது அவசரப்பட்டுக் கதவத் தெறந்து காத்து விட்டா இந்தக் கதிதான். யாரு தெறந்தது?”

யாரும் திறக்கவில்லை. பின் வரிசையில் ஒருவன் மின்விசிறியைப் பார்க்கிறான். இன்னொருவன் அவனைப் பார்க்கிறான்.

சார் வாசல் மேசையை நோக்கிக் கை நீட்டுகிறார். பதிவேடு வருகிறது. நேற்றைய பக்கம். ‘4.05 – 590. கதவு ஒரு விரல் அளவு திறந்தது. சீக்கிரம் ஆறினால் மேட்ச்சுக்குப் போகலாமாம்.’ அடைப்புக்குள் மூன்று பதிவெண்கள்.

சார் படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள். குவளைக்கு இவ்வளவு என்று போர்டில் பெருக்கல் நடக்கிறது.

வெளியே வரும்போது மூவரில் ஒருவன் மேசையருகே நிற்கிறான். “எல்லாத்தையும் மறக்குற. இத மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருந்த?”

“ஞாபகம் இல்ல. நோட்டுல இருக்கு.”

“பென்சில்லதான எழுதுன? நம்பர மட்டும் அழிச்சிரு.”

“பேனா” என்கிறாள்.